சாலச் சிறந்த மனிதர்

பெங்களூருவில் சர்ஜாபுரா சாலை, ஒயிட்ஃபீல்டு பக்கம் எந்த அபார்ட்மென்டுக்குப் போனாலும் அவரைப் பார்க்கலாம். காலை ஆறரைக்குக் காலில் அமெரிக்க ஷூ, கையில் கொத்தமல்லிக் கட்டு, தோட்டத்தைச் சுற்றி மூன்று ரவுண்டு. பதினாலு வருஷ வனவாசத்தை டெக்ஸாஸில் முடித்துவிட்டு, "அப்பா அம்மாவுக்குப் பக்கத்துல இருக்கணும்" என்று திரும்பி வந்தவர். அப்பாவும் அம்மாவும் இருப்பது மன்னார்குடியில். டெக்ஸாஸிலிருந்து பார்த்தால் பெங்களூரு பக்கம்தானே.

எங்கள் பிளாக்கில் அவருக்கு 'ஸ்கோர்சாமி' என்று பெயர். வைத்தது நாங்கள் இல்லை, அவர் மனைவி.

நடக்கிறவர்கள் எல்லாரும் சர்க்கரை அளவைப் பேசிக்கொண்டு போவார்கள். "உங்களுக்கு எவ்வளவு சார்?" என்று புதிதாகக் குடிவந்த ஒருவர் கேட்டார். "எழுநூத்து நாப்பத்திரண்டு" என்றார் ஸ்கோர்சாமி. கேட்டவர் அவரைக் கைத்தாங்கலாக பெஞ்சில் உட்காரவைத்தார். அது சிபில் ஸ்கோர், கடனை ஒழுங்காகக் கட்டுவதற்கு இங்கே போடும் மார்க் என்று விளக்கி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. 'கடன் அன்பை முறிக்கும்' என்று பலகை தொங்கிய மளிகைக் கடையில், அந்தப் பலகைக்கு நேர் கீழே நின்று ரொக்கம் எண்ணிக் கொடுத்தவருடைய பிள்ளை அவர். வீட்டில் யாரையாவது ஆத்திரம் தீரத் திட்ட வேண்டுமானால் 'கடங்காரா!' என்பார்கள். அதற்கு மேல் வசவு கிடையாது.

இப்படி வளர்ந்தவர் அமெரிக்காவில் போய் இறங்கினார். செல்போன் கேட்டால் டெபாசிட், வாடகை வீடு கேட்டால் டெபாசிட். "உங்களுக்குக் கிரெடிட் ஹிஸ்டரி இல்லையே" என்றார்கள். "நான் யாருக்கும் ஒரு பைசா பாக்கி வெச்சதில்லை" என்று நெஞ்சை நிமிர்த்தினார். "அதுதான் பிரச்சினை" என்றார்கள். வங்கியில் ஒரு வழி சொன்னார்கள். 500 டாலரை அங்கேயே போட்டுவைத்தால் 500 டாலருக்கு ஒரு கார்டு தருவார்களாம். நம் வீட்டுப் பசுவை அடுத்த வீட்டில் கட்டிவிட்டு, தினமும் செம்போடு போய்ப் பால் கடன் வாங்குகிற கதை. வேறு வழியில்லாமல் வாங்கினார்.

அப்புறம்தான் அந்த ஊர் சாஸ்திரம் பிடிபட்டது. 1956-ல் ஃபேர் என்ற இன்ஜினியரும் ஐசக் என்ற கணித நிபுணரும் தொடங்கிய கம்பெனி, 1989-ல் வெளியிட்டது ஃபைகோ ஸ்கோர். 300 முதல் 850 வரை. நம் பஞ்சாங்கத்துக்கு ஐந்து அங்கம் என்றால் இதற்கும் ஐந்து: தவணை தவறாமல் கட்டினீர்களா என்பதற்கு 35 சதவீதம், எவ்வளவு பாக்கி என்பதற்கு 30, எத்தனை காலமாகக் கடனாளி என்பதற்கு 15, புதுக் கடனுக்குப் பத்து, பலவகைக் கடனுக்குப் பத்து. சம்பளத்துக்கும் சேமிப்புக்கும் அதில் இடமே இல்லை. சாஸ்திரம் தெரிந்துவிட்டால் நம் ஆளை விட முடியுமா? வாழைப்பழம் வாங்கினாலும் கார்டு, மறுவாரமே அடைப்பு. பதினாலு வருஷத்தில் 812. அந்தத் தாளை பிரிண்ட் எடுத்து, மகனுடைய பட்டமளிப்புப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருந்தாராம்.

அந்த 812-ஐ நம்பித்தான் இங்கே வந்து இறங்கினார். வீட்டுக்காரர் பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்டார், ஒரே மூச்சில் அனுப்பினார். ஃபிரிட்ஜ் வாங்கப் போன இடத்தில்தான் வினை. கையில் காசு இருந்தும், "ஸ்கோர் வளரணும்" என்று இஎம்ஐ கேட்டார். கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு ஓசூர். பான் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, தமிழிலேயே மெதுவாகச் சொன்னாள்.

"சார், உங்களுக்கு மைனஸ் ஒண்ணு காட்டுது."

"எதுலம்மா?"

"சிபில்ல சார். முந்நூறுலேர்ந்து தொள்ளாயிரம் வரைக்கும் இருக்கும். கடனே வாங்காதவங்களுக்கு மைனஸ் ஒண்ணு."

"அமெரிக்காவுல எனக்கு எண்ணூத்திப் பன்னெண்டும்மா!"

"அது இங்க செல்லாது சார்."

பக்கத்தில் நின்ற பையன் இரண்டு லோன், மூன்று கார்டு வைத்திருப்பவன். முந்நூறுக்கு மேல் ஏதோ ஒரு எண் அவனுக்கு உண்டு. மாதத் தவணையை அலாரம் வைத்துக் கட்டுகிறவன். அவனுக்கு ஐந்து நிமிஷத்தில் டிவி கிடைத்தது. கடனே வாங்காதவருக்குச் சைபர்கூடக் கிடைக்கவில்லை, அதற்கும் கீழே ஒரு படி. அந்தப் பெண்ணே வழியும் சொன்னாள்: "ஐம்பதாயிரம் எஃப்டி போடுங்க சார், அது மேல நாப்பத்தஞ்சாயிரத்துக்கு கார்டு வாங்கிடலாம்." மறுபடியும் அதே பசு, அதே அடுத்த வீடு.

ஆறேழு மாதத்தில் எண் முளைத்தது. அன்றைக்கு எங்கள் பிளாக்குக்கே மைசூர்பா கொடுத்தார். அதற்கப்புறம் அந்த வீட்டில் நடப்பதை அவர் மனைவி சொல்லக் கேட்க வேண்டும்.

லிமிட்டில் முப்பது சதவீதத்தைத் தாண்டினால் ஸ்கோர் இறங்கும் என்பது அவர் எங்கேயோ படித்த வேதவாக்கு. நாற்பத்தைந்தாயிரத்துக்கு முப்பது சதவீதம் பதின்மூவாயிரத்து ஐந்நூறு. மாதம் இருபதாம் தேதி வாக்கில் அந்த எல்லை வந்துவிடும்.

"ஏங்க, பசவனகுடி போய் ஒரு மசால் தோசை சாப்பிட்டு வரலாமா?"

"யூட்டிலைசேஷன் இருபத்தெட்டு பர்சென்ட் ஆயிடுச்சும்மா. ஒண்ணாந் தேதி போலாம்."

ரொக்கமாகக் கொடுத்துச் சாப்பிடலாமே என்று அந்த அம்மாள் கேட்டிருக்கிறார். "ரொக்கமா சாப்பிட்டா யாருக்கும்மா தெரியும்?" என்றாராம். மகள் தவணையில் போன் கேட்டாள், கிடைக்கவில்லை. வங்கி உள்ளே எட்டிப் பார்த்தால் என்கொயரி விழுமாம். கடன் கிடைக்கத்தான் ஸ்கோர் சேர்த்தார். இப்போது ஸ்கோர் குறையுமே என்று கடன் வாங்குவதில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களிடம் ஜாதகத்தோடு சிபிலும் கேட்பேன் என்கிறார். சிரிக்காதீர்கள். மகாராஷ்டிரத்தின் மூர்த்திஜாப்பூரில் மாப்பிள்ளையின் சிபில் மோசம் என்று பெண் வீட்டார் கல்யாணத்தை நிறுத்தியதாக 2025-ல் செய்தியே வந்தது.

எங்கள் அபார்ட்மென்டில் சனிக்கிழமை தோறும் கன்னட வகுப்பு உண்டு. அன்றைக்குப் பலகையில் 'சால' என்று எழுதி, "கடனுக்குக் கன்னடத்தில் இதுதான்" என்றார் ஆசிரியை. ஸ்கோர்சாமி எழுந்தே நின்றுவிட்டார். "மேடம், எங்க தமிழ்ல ரொம்ப நல்லதைச் 'சாலச் சிறந்தது'ன்னு சொல்வோம். எங்க முன்னோர்களுக்கு அப்பவே தெரிஞ்சிருக்கு!"

ஒரு விஷயத்தை அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை. முதன்முதலாகக் கடன் கேட்பவரை, பழைய கடன் வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் தள்ளிவிடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லியிருப்பதை 2025-ல் நிதி அமைச்சகமே மக்களவையில் எடுத்துச் சொன்னது. சொன்னால், அந்த மைனஸ் ஒன்று நாள்களை நினைத்து மனுஷர் மூன்று நாள் தூங்கமாட்டார்.

போன வாரம் கேட்டுக்குப் பக்கத்துக் கடையில் இருவரும் பால், தயிர் வாங்கினோம். அவர் போனை வீட்டிலேயே வைத்துவிட்டார். எண்பத்தாறு ரூபாய். கடைக்காரர், "பரவாகில்லா சார், நாளே கொடி" என்று ஒரு பழைய நோட்டை எடுத்து, 'அமெரிக்கா சார், 86' என்று எழுதிக்கொண்டார். பான் இல்லை, டெபாசிட் இல்லை. இரண்டு தேசத்திலும் முன்பணம் கட்டாமல் அவருக்குக் கிடைத்த முதல் சால.

மறுநாள் ஆறரைக்கே போய்க் கொடுத்துவிட்டார். கொடுத்த கையோடு, "இதை சிபிலுக்கு ரிப்போர்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டார். கடைக்காரர் அவரை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, நோட்டில் அந்த வரியை அடித்தார்.