பத்திரமாகக் கழற்றுபவர்

பச்சைமலைப் பக்கத்துப் பூலாம்பாடியிலோ, அதைப் போன்ற வேறோர் ஊரிலோ, ஜெராக்ஸ் கடையொன்றில் அரை மணி நேரம் காத்திருக்கும் பாக்கியம் உங்களுக்குக் கிட்டியிருக்குமானால், நான் சொல்லப்போகும் பெரியவரை நீங்கள் அவசியம் தரிசித்திருப்பீர்கள். உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, கோயில் கணக்கையும் பேத்தியின் கல்யாணப் பத்திரிகை வாசகத்தையும் ஒரே சிரத்தையோடு பரிபாலித்து வருபவர். 2000-ஆம் ஆண்டில் சிங்கப்பூரின் டிரெக் கம்பெனி 'தம்ப்டிரைவ்' என்ற பெயரில் விற்பனைக்கு விட்ட வஸ்துவின் வம்சத்தில் உதித்ததும், அதே சிங்கப்பூரில் வேலை பார்க்கும் மகன் வாங்கிவந்து கொடுத்ததுமான பென்டிரைவ் ஒன்றை, காலியான மூக்குப்பொடி டப்பாவில் பஞ்சணையின்மேல் கிடத்தி, சட்டையின் உட்பையில் வைத்திருப்பார்.

இவருக்கு ஜன்ம விரோதிகள், வயலில் சின்ன வெங்காயம் பிடுங்குவதைப் போலப் பென்டிரைவைப் பிடுங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடுகிற இளைஞர்கள். அவர்களைக் கண்டதும் பிரசங்கம் தொடங்கிவிடும். நகல் முடிந்தது என்று கம்ப்யூட்டர் சொல்வதை நம்பிவிடக் கூடாதாம். "பணம் போட்டாச்சு" என்று வாயால் சொல்லிவிட்டு மறுநாள் சாவகாசமாகப் போடுகிற சீட்டுக்காரனைப் போல, அது சில சமயம் விஷயத்தைத் தன் நினைவிலேயே வைத்துக்கொண்டு பிறகுதான் எழுதுமாம்.

"அதெல்லாம் பழசுங்கய்யா. 2018-லயே விண்டோஸ் பத்துல மாத்திட்டாங்க, சும்மா உருவிக்கலாம்" என்பான் விஷயம் தெரிந்த பையன் ஒருவன்.

"எழுதிக்கிட்டிருக்கும்போது உருவினா எந்த விண்டோஸுப்பா வந்து காப்பாத்தும்?" என்பார் பெரியவர். இதற்கு மட்டும் பதில் வராது. ஏனெனில் அது உண்மை.

ஒருநாள் அவருக்கே சோதனை வந்தது. திரையின் வலது மூலையிலிருந்த சின்னத்தை அழுத்தி உத்தரவு கேட்டால், சாதனம் உபயோகத்தில் இருக்கிறது, பிறகு முயலவும் என்று கம்ப்யூட்டர் மறுத்துவிட்டது. கண்ணுக்கெட்டிய வரையில் எல்லா ஜன்னல்களையும் மூடியாயிற்று. நான்கு தடவை கேட்டும் அதே மறுமொழி. காரணம் வேறிடத்தில் இருந்தது. அந்த ஒரே கம்ப்யூட்டரில் பட்டா, சிட்டா எடுப்பதற்கு முதலாளி பெயரில் ஒரு கணக்கும், பத்திரிகை அடிக்கும் பையன் பெயரில் ஒரு கணக்கும் உண்டு. பையன் தன் கணக்கில் பெரியவரின் பத்திரிகையைப் பென்டிரைவிலிருந்தே திறந்துவைத்து, மூடாமலும் லாக் அவுட் செய்யாமலும் டீக்கடைக்குப் போய்விட்டான். முதலாளியோ யூசரை மட்டும் மாற்றிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆள் மாறினாலும் முந்தையவன் திறந்தது திரைக்குப் பின்னால் திறந்தபடியேதான் இருக்கும் என்பதை முதலாளி விளக்கியபோது, பெரியவர் கணத்தில் கிரகித்துக்கொண்டார்: "பங்குக் கிணத்துல மோட்டாரை நிறுத்தாமப் போயிட்டான் பங்காளி. அப்படித்தானே?"

பையன் வரவழைக்கப்பட்டான். "பிரிண்ட் குடுத்துட்டு அப்படியே போயிட்டேங்கய்யா" என்று தலையைச் சொறிந்துகொண்டே தன் கணக்கில் நுழைந்து, கோப்பை மூடி, லாக் அவுட்டும் செய்தான். இனிப் பத்திரமாகக் கழற்றலாம் என்ற அறிவிப்பு தோன்றியது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்து அதை இருமுறை வாசித்தார். யாகம் பூர்த்தியான புரோகிதரின் திருப்தி அவர் முகத்தில் பரவியது. காசைக் கொடுத்தார், பத்திரிகைக் கட்டையும் குடையையும் எடுத்துக்கொண்டார், "வரேன் தம்பி" என்று முறையாகச் சொல்லிக்கொண்டு படியிறங்கினார்.

பென்டிரைவ் கம்ப்யூட்டரிலேயே இருந்தது.

முதலாளி அதை உருவி, மேஜைமேல் இருந்த ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டார். உள்ளே அதற்கு முன்பே ஏழெட்டுக் கிடந்தன. பிடுங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகளுடையது அவற்றில் ஒன்றுகூட இல்லையாம். அத்தனையும் முறைப்படி உத்தரவு பெற்றவை.