பாத்திக் வாங்கிய மனை

சென்னைக்குத் தெற்கே, ஈஞ்சம்பாக்கத்தில் 1966-இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. முன்நின்றவர் அரசு ஓவியக் கல்லூரி முதல்வர் கே.சி.எஸ். பணிக்கர். நவீன ஓவியத்தை வியக்க ஆளிருந்தது, வாங்க ஆளில்லை. மெழுகு தடவிச் சாயம் தோய்த்த பாத்திக் துணிக்கோ வாங்கவே ஆளிருந்தது. எனவே வயிற்றுக்குக் கைவினை, மிச்ச நேரம் தூரிகைக்கு என்று ஏற்பாடு. நிலத்துக்கான பணமும் கைவினை விற்றுச் சேர்ந்ததே.  அப்படி வாங்கிய அன்றைய மணல்வெளி இன்று கிழக்குக் கடற்கரைச் சாலையோர மனை. விமர்சகர் தயவின்றி மதிப்பு ஏறிய படைப்பு அது ஒன்றுதான். அதில் கையொப்பம் இட்டது பத்திரப் பதிவாளர்.