குலுக்கினால் குறி

கேள்வி: ஹாங்காங் சுற்றுலா போகிறோம். அங்கே வோங் தாய் சின் கோயிலில் குறி கேட்கலாம் என்கிறாள் என் மனைவி. பலிக்குமா?
– ஒரு வாசகர், காரைக்குடி

பதில்: பலிக்கிறதோ இல்லையோ, கைக்கு நல்ல பயிற்சி! மூங்கில் குவளையில் எண்ணிட்ட 100 குச்சிகள் இருக்கும். மண்டியிட்டு, கேள்வியை மனசுக்குள் வைத்துக்கொண்டு, ஒரே ஒரு குச்சி வெளியே விழும்வரை குலுக்க வேண்டும். இரண்டு விழுந்தால் செல்லாது, மறுபடியும் குலுக்கு. நம் ஊரில் இந்த வேலையைக் கிளியிடம் விட்டுவிட்டோம், புத்திசாலிகள்.

ஒவ்வொரு எண்ணுக்கும் பழைய சீனப் பாட்டு ஒன்று உண்டு. குச்சி குலுக்கக் காசில்லை. பாட்டுக்கு அர்த்தம் சொல்லத்தான் கோயிலை ஒட்டியே வரிசையாக ஜோசியக் கடைகள். கைரேகை, முக லட்சணமும் பார்ப்பார்கள். ஆங்கிலம் பேசுபவரும் கிடைப்பார். சீனப் புத்தாண்டுச் சமயம் மட்டும் வேண்டாம், கூட்டம் நெரியும்.

மெட்ரோவில் கோயில் பெயரிலேயே நிலையம் இருக்கிறது, வாசலில் இறங்கலாம். மனைவி மனசுக்குள் என்ன கேட்டார் என்று மட்டும் விசாரிக்காதீர்கள். ஜோசியர் வாய் திறக்கும் முன்பே கட்டணத்தைக் கேட்டுவிடுங்கள். அதைக் குச்சி சொல்லாது.