ஏழுக்கு நாலு

வத்தலக்குண்டுப் பக்கம் பாகப்பிரிவினை என்றால் ஊரே கூடிவிடும். தென்னந்தோப்பில் இத்தனை மரம், கிணற்றில் எட்டில் ஒரு பங்கு, மோட்டாருக்கு முறைநாள் என்று ஒன்று விடாமல் பத்திரத்தில் எழுதுவார்கள். மாட்டைப் பிரிக்கும்போதுகூட, எது யாரிடம் பழகியது என்று ஒரு பெரிசு கேட்கும். மாட்டுக்கு அந்த மரியாதை உண்டு.

மனிதர்களுக்கு அது கிடைக்கவில்லை. 1964 அக்டோபர் 30. டெல்லி. இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். பிரிக்க வேண்டிய சொத்து: இலங்கையில் நாடற்றுக் கிடந்த 9,75,000 இந்திய வம்சாவளித் தமிழர்கள். இந்தியாவுக்கு 5,25,000. இலங்கைக்கு 3,00,000. ஏழுக்கு நாலு. மிச்சம் 1,50,000 பேரை என்ன செய்வது? பிறகு பார்த்துக்கொள்ளலாம். பத்து வருஷம் கழித்து, 1974-இல் பார்த்தார்கள். ஆளுக்குப் பாதி. கணக்குத் தீர்ந்தது. பிரிக்கப்பட்டவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

புலம்பெயர்வு பற்றிய சர்வதேச ஒத்துழைப்பு என்று இன்று வாய் நிறையச் சொல்கிறார்களே, அது நம் ஜனங்களுக்கு அறிமுகமான லட்சணம் இதுதான்.

யார் இவர்கள்? மதுரை, ராமநாதபுரம், திருச்சி, புதுக்கோட்டைச் சீமைகளிலிருந்து கங்காணி கூட்டிப்போன கூலிகளின் பேரப்பிள்ளைகள். மலையை வெட்டிக் காப்பி நட்டார்கள். பிறகு தேயிலை நட்டார்கள். 1948-இல் இலங்கை சுதந்திரம் அடைந்தது. அதே வருஷம் ஒரு குடியுரிமைச் சட்டம் போட்டு இவர்களை நாடற்றவர்கள் ஆக்கியது. தேயிலை மட்டும் இலங்கைத் தேயிலையாகவே இருந்தது.

ஒப்பந்தப்படி இங்கே வந்தவர்களுக்கு அரசு வைத்த பெயர் ‘தாயகம் திரும்பியோர்’. கேட்க இனிக்கும். அவர்களில் கொடைக்கானல் மலைக்குப் போனவர்கள் பலரும் எங்கள் ஊர் வழியாகத்தான் ஏறியிருப்பார்கள். சிலர் மேலே மரம் வெட்டும் காண்ட்ராக்டர்களிடம் கொத்தடிமையாகச் சிக்கியது 1980களில் அம்பலமானது. அங்கே கங்காணி. இங்கே காண்ட்ராக்டர். தாயகம்!

திரும்பாமல் அங்கேயே தங்கியவர்களையும் 1983 இனக்கலவரம் விடவில்லை. கலவரத்துக்குத் தப்பிய மலையகத்தாரும், போருக்குத் தப்பிய வடக்கு, கிழக்குத் தமிழர்களும் படகேறினார்கள். ராமேஸ்வரம் பக்கத்து மண்டபத்தில் பதிவு. பிறகு முகாம். திண்டுக்கல்லை ஒட்டிய தோட்டனூத்து, அடியனூத்து, கோபால்பட்டி முகாம்கள் அப்படி முளைத்தவை.

முகாமுக்குப் பின்னாலேயே வந்தது ஆராய்ச்சி. கேள்வித்தாளின் ஜாதகம் நமக்குத் தெரியும். ‘இந்த மண்ணோடு உங்களுக்கு ஒட்டுதல் இருக்கிறதா? மிக அதிகம், ஓரளவு, இல்லை.’ ஒன்றில் டிக் அடிக்க வேண்டும். ‘இந்த மண்ணுக்கு உங்களோடு ஒட்டுதல் இருக்கிறதா?’ என்பதற்குக் கட்டமே கிடையாது. அரிசி களைந்துகொண்டே பதில் சொல்லும் அம்மா திருப்பிக் கேட்டால் உரையாடல் இப்படித்தான் முடியும்.

“போன தடவ வந்த தம்பி என்ன ஆனாரு?”

“டாக்டர் பட்டம் வாங்கிட்டார்ம்மா.”

“நாங்க?”

தம்பி பேனாவை மூடிவிடுவார்.

அந்தத் தாள்கள் எல்லாம் எங்கே போகின்றன? மாநாட்டுக்கு. குளிர்சாதன அரங்கு, சணல் பை, கழுத்தில் தொங்கும் அட்டை. அந்த அட்டையில் பெயர் இருக்கும், நாடும் இருக்கும். நாடில்லாதவர்களைப் பற்றிப் பேச வந்தவர்களுக்கு உள்ளே நுழைய நாடு போட்ட அட்டை. மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் ‘குரலற்றவர்களின் குரல்’ என்று ஓர் அமர்வு. குரலற்றவர்கள் வரவில்லை. முகாமை விட்டுக் கிளம்ப அனுமதி வாங்க வேண்டுமே.

உலக அளவிலும் இதே சாப்பாடு, இதே பை. 2007-இல் பிரஸ்ஸல்ஸில் தொடங்கியது புலம்பெயர்வுக்கும் வளர்ச்சிக்குமான உலக மன்றம். 2018 டிசம்பரில் மொரோக்கோவின் மராகேஷ் நகரில் புலம்பெயர்வுக்கான உலக உடன்படிக்கை. குறிக்கோள்கள் இருபத்து மூன்று. நாலாவது குறிக்கோளைப் படியுங்கள்: புலம்பெயர்ந்த எல்லோருக்கும் சட்டப்படியான அடையாளமும் போதிய ஆவணங்களும். அதே மாதம் ஐ.நா. பொதுச்சபையில் 152 நாடுகள் ஆதரித்துக் கை தூக்கின. இந்தியாவும் தூக்கியது. கை தூக்கக் காசா, பணமா?

சரியாக ஒரு வருஷம். 2019 டிசம்பர். டெல்லியில் குடியுரிமைத் திருத்தச் சட்டம். பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகள். ஆறு மதங்கள். அண்டை நாட்டில் அடிபட்டு ஓடி வந்தவர்களுக்கு அடைக்கலம் என்றார்கள். இலங்கை என்ன, அண்டார்டிகா பக்கத்திலா இருக்கிறது? ராமேஸ்வரத்து மீனவரைக் கேட்டால் எத்தனை நாழிகை என்று சொல்வார். அவர் படகைப் பிடிக்க மட்டும் இலங்கை பக்கத்தில் இருக்கிறது. அகதியைக் குடிமகன் ஆக்க வேண்டும் என்றால் தூரமாகிவிடுகிறது.

இன்னொரு கூத்து. கொள்ளுத்தாத்தா இந்தியர் என்று காட்டினால் அமெரிக்கக் குடிமகனுக்கு ஓ.சி.ஐ. அட்டை உண்டு. ஆயுள் முழுக்க விசா வேண்டாம். கொள்ளுத்தாத்தா ராமநாதபுரத்திலிருந்து கண்டிக்குப் போய், பேரன் நாடற்றவன் ஆகி, கொள்ளுப்பேரன் தோணியில் திரும்பி வந்தால்? நம் சட்டத்தில் அவனுக்குப் பெயர் ‘சட்டவிரோதக் குடியேறி’. நாடு உள்ளவனுக்கு இன்னொரு நாட்டில் திண்ணை. நாடே இல்லாதவனுக்கு வாசல்படியும் கிடையாது.

டெல்லியை மட்டும் ஏசிவிட்டுப் போனால் சென்னை சிரிக்கும். ஜனவரி 12 அயலகத் தமிழர் தினம். தோரணம், பொன்னாடை, முதலீட்டு அழைப்பு. அயலகத் தமிழர் நலனையும் முகாம் மறுவாழ்வையும் பார்ப்பது ஒரே ஆணையரகம். ஒரு கை பொன்னாடை போர்த்துகிறது. மறு கை வருகைப் பதிவேட்டை நீட்டுகிறது. 2021-இல் ‘அகதிகள் முகாம்’ என்ற பலகையை எடுத்துவிட்டு ‘இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்’ என்று எழுதினார்கள். பெயர் மாறியது. முகாமைக் கண்காணிக்கும் கியூ பிரிவு போலீஸ் மாறவில்லை. 2022 செப்டம்பரில் தோட்டனூத்தில் 321 வீடுகள் கட்டித் திறந்தார்கள். நல்ல காரியம், இல்லையென்று சொல்ல மாட்டேன். கூரைக்கு ஏங்கியவர்களுக்கு அதன் அருமை தெரியும். ஆனால் வீட்டுக்கு எண் வந்துவிட்டது. உள்ளே இருப்பவர் வாக்காளர் பட்டியலில் வர வழி பிறக்கவில்லை.

விதிவிலக்கு ஒன்று உண்டு. 1987 ஜூலை 1-க்கு முன்னால் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பால் இந்தியர் என்பது சட்டம். 1986-இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண் அதைக் கையில் எடுத்துக்கொண்டு உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போனார். 2022-இல் நீதிமன்றம் அவர் இந்தியக் குடிமகள்தான் என்றது. 2024 மக்களவைத் தேர்தலில் திருச்சியில் முதல் ஓட்டுப் போட்டார். பிறந்தபோதே இருந்த உரிமை விரலில் மையாக வந்து சேர இத்தனை வருஷம். அதையும் வாங்கித் தந்தது ஒரு வழக்கு. எந்த மாநாட்டுத் தீர்மானமும் இல்லை.

2025 செப்டம்பரில் மத்திய அரசும் மனமிரங்கியது. 2015 ஜனவரி 9-க்கு முன் வந்து பதிவு செய்த இலங்கைத் தமிழர்கள் பாஸ்போர்ட், விசா இல்லாமல் இருப்பதற்குத் தண்டனை கிடையாதாம். நாற்பது வருஷம் இங்கே கல்யாணம், காடேத்து எல்லாம் பார்த்த ஜனத்துக்கு நாடு தந்த பெரிய பரிசு: உங்களை ஜெயிலில் போட மாட்டோம். சுதந்திரம் கேட்டு ஜெயிலுக்குப் போன சுப்ரமணிய சிவா பிறந்த ஊர்க்காரன் நான். ஜெயிலில் போடாமல் விடுவதையே சுதந்திரம் என்று நினைக்க இன்னும் பழகவில்லை.

எங்கள் ஊரில் பாகப்பிரிவினை முடிந்தால் அடுத்த வேலை பட்டா மாற்றுவது. 1964-இல் நம் பங்கு 5,25,000 பேர் என்று ஒப்புக்கொண்டது நாம்தான். அந்தப் பங்கில் வந்திருக்க வேண்டிய குடும்பங்களின் பிள்ளைகள் இன்றும் தமிழ்நாட்டு முகாம்களில் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறார்கள். முதலில் பட்டாவை மாற்றுங்கள். அடுத்த மாநாட்டுக்கு அவர்களே வந்து பேசுவார்கள், கழுத்து அட்டையில் நாட்டின் பெயரோடு.