மெயின் கேட் எங்கே, அம்மா?

கும்பகோணம்,
ஜூலை 2024

பெறுநர்:
துணைவேந்தர் அவர்கள்,
ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம்,
மெயின் கேட் (இருந்தால்).

பொருள்: நாலு நாள் ஊர் சுற்றிப் பார்க்க வருவது – சந்தேகம் கேட்டல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

எங்கள் ஊர்க் கல்லூரிக்குத் தென்னிந்தியாவின் கேம்பிரிட்ஜ் என்று ஒரு பட்டப்பெயர் உண்டு. அதை மனத்தில் வைத்துக்கொண்டு இந்த மனுவை ஓரங்கட்டிவிட வேண்டாம்.

முதல் சந்தேகம்: நான் எங்கே இறங்க வேண்டும்? எங்கள் பக்கம் பல்கலைக்கழகம் என்றால் ஒரு வளைவு இருக்கும், எதிரே டீக்கடை இருக்கும், "யூனிவர்சிட்டியெல்லாம் இறங்கு" என்று கண்டக்டர் குரல் கொடுப்பார். உங்களிடம் முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் ஊர் முழுக்க இறைந்து கிடக்கின்றன, பல்கலைக்கழகத்தைத்தான் காணோம். 1096லேயே பாடம் நடந்ததாம், தொடங்கிய தேதி மட்டும் யாருக்கும் தெரியாதாம். நியூ காலேஜ் என்று ஒன்று கண்ணில் பட்டது. புதுக் கட்டடம்தானே, நேரமிருந்தால் பார்க்கலாம் என்று கடைசி நாளுக்குத் தள்ளிவைத்தேன். அது 1379இல் தொடங்கியதாம்! (எங்கள் தெருவில் எழுபது வயதுக்காரர் ஒருவரை இன்னும் 'புது மாப்பிள்ளை' என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதனால் மன்னித்துவிட்டேன்.) மாக்டலன் என்று எழுதி மாட்லின் என்று படிக்கிறீர்கள். தேம்ஸ் உங்கள் ஊருக்குள் வந்தால் ஐசிஸ் ஆகிவிடுகிறது. கிறைஸ்ட் சர்ச்சின் பெரிய மணி இரவு 9.05க்கு 101 தடவை அடிக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு நேரம் கிரீன்விச்சுக்கு ஐந்து நிமிடம் பின்னால் என்று கணக்கு. இதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஐந்து நிமிடத்தைத் தாமதம் என்று கும்பகோணத்தில் யாரும் சொல்வதில்லை.

இரண்டாம் நாள் தமிழறிஞர் போப் ஐயருக்கு. அவருடைய திருவாசக மொழிபெயர்ப்பை 1900இல் போட்டது உங்கள் அச்சகம்தான். செயின்ட் செபல்கர் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறார். 'தமிழ் மாணவன்' என்று கல்லில் பொறிக்கச் சொன்னார் என்று எங்களுக்கு வாத்தியார் கண் கலங்கச் சொல்லிக்கொடுத்தார். கல்லில் அப்படி இல்லை. குடும்பத்தாரும் தென்னிந்தியத் தமிழ் நண்பர்களும் சேர்ந்து வைத்த கல் என்றுதான் இருக்கிறது. எனக்கு அதுவே நிறைவு. ஆனால் இந்தச் சேதி எங்கள் பட்டிமன்றப் பேச்சாளர்கள் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாம் நாளில்தான் சிக்கல். உங்கள் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்தில் எங்கள் ஊர்க்காரர் ஒருவர் தங்கியிருக்கிறார். திருமங்கையாழ்வார், வாளும் கேடயமுமாக நிற்கும் பதினாறாம் நூற்றாண்டு வெண்கலச் சிலை. சொந்த இடம் எங்களுக்குப் பக்கத்துச் சுந்தரப்பெருமாள்கோயில். 1957இல் கோயிலில் வைத்து எடுத்த படம் புதுச்சேரிப் பிரெஞ்சு நிறுவனத்தில் இருக்கிறது. 1967இல் லண்டனில் சதபீஸ் ஏலத்தில் நீங்கள் வாங்கியிருக்கிறீர்கள். நடுவே பத்து வருஷம், அவர் எந்த வழியாக வந்தார் என்பதுதான் கேள்வி.

எனக்கு விசா வேண்டுமென்றால் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மென்ட் கொண்டுவா, எங்கே தங்குவாய், திரும்பிப் போவாய் என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஏஜென்ட் துளைத்தெடுக்கிறார். ஆழ்வாரிடம் இதையெல்லாம் யாராவது கேட்டிருந்தால் அவர் ஊரிலேயே நின்றிருப்பார். அடியார்களுக்குச் சோறு போட வழிப்பறி செய்தவர், மாப்பிள்ளைக் கோலத்தில் வந்த பெருமாளையே மடக்கி நகையைக் கழற்றியவர் என்று அவர் கதை. அப்பேர்ப்பட்டவரையே அலுங்காமல் தூக்கியவன் எவனோ, அவனுக்கு ஒரு கௌரவ டாக்டர் பட்டம் கொடுக்கலாம். ஆள் யாரென்று தெரிந்தால்.

உங்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஓர் ஆய்வாளர் சுட்டிக்காட்டியதும் 2019இல் நீங்களாகவே இந்தியத் தூதரகத்துக்கு எழுதினீர்கள். இந்த மார்ச்சில் திருப்பித் தருவதென்று முடிவும் எடுத்துவிட்டீர்கள். இனி அறக்கட்டளை ஆணையத்தின் ஒப்புதல் வர வேண்டுமாம். ஃபைல் நகரும் வேகம் எங்களுக்குப் பழக்கம்தான். ஆனால் டிக்கெட் பணம் என்னுடையது.

ஆகவே ஒரே ஒரு வரி பதில் போடுங்கள். ஆழ்வார் கிளம்புகிறார் என்றால் மூன்றாம் நாளை ரத்து செய்துவிட்டு, அவர் வந்ததும் பாசஞ்சரில் போய்ச் சுந்தரப்பெருமாள்கோயில் ஸ்டேஷனில் இறங்கிப் பார்த்துக்கொள்கிறேன். அங்கே மெயின் கேட் எது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பாஸ்போர்ட் மட்டும் கைவசமுள்ள ஒருவன்