தவளைக்கண் காக்கா

கல்முனைப் பிரதான வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளில் ஏதேனும் ஒன்றிலே, மதிலோரமாக நீலத் தறப்பாளினால் போர்த்தப்பட்டு ஏதோவொரு வஸ்து கிடப்பதைக் கண்டு, வழிப்போக்கர் ஒருவர் "இது என்ன?" என்று வாய்தவறிக் கேட்டுவிடுவாராயின், அன்றைய அஸர்த் தொழுகை அவருக்கு ஜமாஅத்தோடு கிடைப்பது சந்தேகமே. ஏனெனில் தறப்பாளின் ஒரு மூலை உடனே தூக்கப்படும், நாற்காலி வரும், இஞ்சித் தேநீர் வரும், அதன் பின்னால் 1958ஆம் ஆண்டு வரும். ஊரார் தவளைக்கண் காக்கா என்றழைக்கும் மகானுபாவர், சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, தம் காரின் சரித்திரத்தை ஆரம்பித்துவிடுவார்.

இலங்கையிலே பழைய ஆங்கிலேயக் கார்களைப் பேணும் வழக்கம் ரசனையிலே பிறந்ததன்று, நிர்ப்பந்தத்திலே பிறந்தது. 1960களில் அந்நியச் செலாவணி வறண்டு கார் இறக்குமதி இறுக்கப்பட்டது முதல் 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரைக்கும், இருந்த ஒஸ்ரினையும் மொறிஸையும் ஹில்மனையும் சாகவிடாமல் பார்த்துக்கொள்வதன்றி நம்மவருக்கு வேறு மார்க்கம் இருக்கவில்லை. அவ்விதம் வாழ்ந்து பழகியவர்கள் மொறிஸ் மைனர் ஒன்றைப் புதுப்பிப்பவனை இன்றும் மதிக்கிறார்கள். அதிலே பெண்டு பிள்ளைகளோடு கல்யாண வீட்டுக்குப் போகலாம், பின் ஆசனத்தில் நெல் மூடை ஏற்றலாம். காக்காவின் வாகனமோ வேகப்பிரியர்களுக்காகச் சிருஷ்டிக்கப்பட்டது. ஆசனம் இரண்டே இரண்டு. காக்காவுக்குப் பிள்ளைகள் ஐவர். நுவரெலியா மஹகஸ்தோட்டையில் மலையேற்றப் பந்தயம் ஓடிய துரைமாருக்கு ஏறுவதற்கு ஒரு மலையாவது இருந்தது. கடலும் வயலும் ஒரே மட்டத்தில் கிடக்கும் நம் கரையிலே இவ்வாகனம் எதன்மேல் ஏறப்போகிறது என்று கேட்கும் அற்பர்களை, காக்கா இரக்கத்தோடு மன்னித்துவிடுவது வழக்கம்.

ஒஸ்ரின்-ஹீலி ஸ்ப்ரைட் என்பது அதன் திருநாமம். 1958 மே மாதத்தில் மொன்ரி கார்லோவில் அறிமுகமாகி, இங்கிலாந்தின் அபிங்டனிலுள்ள எம்.ஜி. தொழிற்சாலையிலே 1961 வரையில் ஏறக்குறைய 49,000 என்ற தொகையில் வெளிவந்த முதல் வார்ப்பு அது. முன்விளக்குகள் வேண்டாத வேளையில் மடங்கிப் படுத்துக்கொள்ள வேண்டுமென்று முதலில் யோசித்தவர்கள், செலவைக் கருதி அந்த யோசனையைக் கைவிட்டு, அவற்றைப் பொனெற்றின் மேலேயே விழித்தபடி நிறுத்திவிட்டார்கள். தவளைக்கண் என்ற கீர்த்தி அந்தச் சிக்கனத்தினால் வந்தது. அதே சிக்கனத்தினால் கதவுக்கு வெளிப்பிடி கிடையாது. பின்புறப் பெட்டிக்கு மூடியும் கிடையாது. ஆசனத்துக்குப் பின்னால் தலைகுப்புறப் புகுந்தே அதற்குள் வைத்த பொருளை எடுத்தாக வேண்டும். இந்த அமைப்பின் மகிமையை அவ்வீட்டிலே முதன்முதல் உணர்ந்தது ஒரு நாட்டுக்கோழி. அது இருண்ட மூலை பார்த்து முட்டையிட, கடைக்குட்டியைக் காலிரண்டிலும் பிடித்து உள்ளே இறக்கி முட்டை பொறுக்குவது தினசரிக் கிருத்தியமாயிற்று. "முட்ட உடஞ்சாலும் காரியமில்ல மனே, பெயின்ற் கீறுப்படாம வா" என்பது காக்காவின் உபதேசம்.

அவருடைய ஞானத்தின் உச்சத்தைக் காண விரும்புவோர் அந்தக் காரின் வமிசத்தைப் பற்றிக் கேட்க வேண்டும். நம் பகுதியில் மனிதருக்குக் குடி உண்டு; அது தாய்வழியே வரும்; அந்தக் குடிகளின் பேரால் பள்ளிவாசலுக்கு மரைக்காயர்மார் இருந்த காலமும் உண்டு. தம் மனைவியின் குடிக்கும் தம் குடிக்கும் உள்ள பழைய கொள்வினை கொடுப்பினைகளைச் சரியாகச் சொல்லத் தெரியாத காக்கா, கார்களுக்குக் குடி வகுப்பதில் நிபுணர். "எஞ்சின்தான் உம்மா" என்று ஆரம்பிப்பார். 1951இல் வெளிவந்த ஒஸ்ரின் ஏ-30க்காகப் பிறந்த ஏ-வரிசை எஞ்சின், மறு வருஷம் ஒஸ்ரினும் மொறிஸும் ஒரே கம்பெனியாக இணைந்ததும் மொறிஸ் மைனருக்குள் புகுந்து, பிறகு 948 சீ.சீ.யாக வளர்ந்து, ஸ்ப்ரைட்டுக்கும் வந்து சேர்ந்தது. ஆகவே மைனரும் ஸ்ப்ரைட்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள். ஸ்ரியரிங் பொறியும் மைனருடையதே. "அப்ப அந்த டொனால்ட் ஹீலி?" என்று கேட்டால், "அவர் வாப்பா, வாப்பாட பேரு முன்னால ஒட்டிக் கிடக்கும், குடியில சேராது" என்று தீர்ப்பளிப்பார். ஒரே குடியில் விவாகம் கூடாது. ஆனால் உதிரிப்பாகம் இரவல் வாங்கலாம் என்பது அவர் கண்டுபிடித்த கிளைச் சட்டம். இந்தச் சட்டத்தின் முழுப் பாரத்தையும் சுமப்பவர், காரைதீவில் மொறிஸ் மைனர் வைத்திருக்கும் ஒரு தமிழ் மாஸ்டர். கொழும்புப் பஞ்சிகாவத்தையில் கிடைக்காத சாமான் அவர் வீட்டுக் கொட்டிலில் கிடைக்கும். அதுவும் ஓடிக்கொண்டிருக்கும் காரிலிருந்து.

காக்காவுக்கு வாய்த்த சத்துருக்கள் இருவர். முதலாவது கடற்காற்று. கறளை அவர் வலப்பக்கக் கதவிலிருந்து உரஞ்சத் தொடங்கி, றெட் ஒக்சைட் பூசி, பட்டி வைத்து, வாகனத்தைச் சுற்றி இடப்பக்கக் கதவுக்கு வந்து சேரும்போது, வலப்பக்கத்தில் அது மறுபடி பூத்திருக்கும். கறள் அண்டாத ஒரே பாகம் இலக்கத் தகடு. 1957இல் தகடுகளிலே சிங்கள 'ஸ்ரீ' எழுத்து புகுத்தப்பட்டபோது தமிழரசுக் கட்சியினர் தார்ச் சட்டியும் தூரிகையுமாக வீதிக்கு இறங்கினார்கள்; அன்று தார் பூசப்பட்ட அதே எழுத்தை இவர் வெள்ளிதோறும் துணிகொண்டு துடைத்து மினுக்குகிறார், அது இருந்தால்தான் காருக்கு விலை என்று. இரண்டாவது சத்துரு, வீட்டின் உடைமையாளர். அதாவது அவருடைய மனைவி. நம் பக்கத்திலே வீடு பெண்ணுக்குரியது. மாப்பிள்ளை பெட்டியோடு வந்து குடியேறுபவர். இத்தனை வருஷ தாம்பத்தியத்தின் பின்னும் தம் பேரில் உறுதி எழுதப்பட்ட ஒரு சாண் நிலமுமில்லாத மனிதர், உலகத்தில் தமக்கென்று சொல்லிக்கொள்ளும் ஒரே ராச்சியம் அந்தத் தறப்பாளின் கீழிருப்பது. அதனால்தான் அதை அவர் இவ்வளவு சாவகாசமாக ஆளுகிறார் என்பது என் அபிப்பிராயம்.

எஞ்சின் காரில் இல்லை; முற்றத்தில் மரச்சட்டம் ஒன்றின்மேல் இருக்கிறது. ஜும்ஆ முடிந்து வந்ததும் அதை முடுக்கிவிடுவார். எஸ்.யு. காபரேற்றர் இரண்டும் ஒரே அளவாய்க் காற்றை இழுக்க வேண்டுமாதலால், ஒரு முழ ரப்பர்க் குழாயின் நுனியைக் காதிலே செருகிக்கொண்டு, மறுநுனியை முதலில் ஒன்றன் வாயிலும் பின்பு மற்றதன் வாயிலும் பிடித்து, கண்ணை மூடி, இரண்டு சீறலும் ஒரே சுருதியில் சேரும்வரை திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்புவார். "மகள்ட வாப்பா, சோறு ஆறுது" என்ற குரல் அந்தக் குழாய்க்குள் புகுவதில்லை.

2022இல் அவருக்கு ஒரு பொற்காலம் வந்தது. நாடு பெற்றோலுக்கு அலைந்த அந்த வருஷத்தில் கியூ.ஆர். முறை வந்து, காருக்கு வாரம் 20 லீற்றர், மோட்டார் சைக்கிளுக்கு 4 லீற்றர் என்று விதிக்கப்பட, ஓடாத ஸ்ப்ரைட்டும் சட்டப்படி ஒரு கார்தானே என்பது மூத்த மகனுக்கு உதித்தது. காரைதீவு மாஸ்டரின் சில்லுகள் நான்கும் இரவலாக வந்தன. எரிபொருள் நிலைய வரிசையிலே எல்லோரும் எஞ்சினை நிறுத்திவிட்டு வாகனத்தைத் தள்ளிக்கொண்டே நகர்ந்த காலமாதலால், எஞ்சினே இல்லாத ஒரு வாகனமும் அவற்றோடு தள்ளப்பட்டு வந்ததை ஒருவரும் கவனிக்கவில்லை; கவனித்தவர்களும் விளக்குகளின் அழகையே கவனித்தார்கள். வீட்டுக்கு வந்ததும் பெற்றோல் குழாய் வழியே இறங்கி மோட்டார் சைக்கிளுக்குப் போயிற்று. அந்தக் குடும்பத்துக்கு ஸ்ப்ரைட் சம்பாதித்துக் கொடுத்தது அந்தக் காலத்தில்தான். மனைவிகூட இரண்டொரு தடவை தறப்பாளைத் தாமே இழுத்து மூடிவிட்டாராம்.

வரிசைகள் கரைந்தன, சில்லுகள் காரைதீவுக்குத் திரும்பின, ஸ்ப்ரைட் பழையபடி நான்கு சீமெந்துக் கற்களின்மேல் ஏறிற்று. அப்படியிருக்கையில் மூத்த மகளுக்குச் சம்பந்தம் கூடிவந்து, வீட்டைச் சீதன உறுதியாக எழுத நொத்தாரிசு வரவழைக்கப்பட்டார். அவர் கொண்டுவந்த நில அளவை வரைபடத்திலே, கிணற்றுக்கும் மதிலுக்கும் நடுவே 'கொட்டில்' என்று ஒரு சதுரம் இருந்தது. காக்காவுக்கு முகம் வெளிறிற்று.

"இது கொட்டில் இல்ல ஐயா, கார்."

"சில்லு இரிக்கா?"

"வெச்சா இரிக்கும்."

"இப்ப இரிக்கா எண்டு கேக்கன். கல்லுல நிண்டா நிலத்தோட சேர்ந்த கட்டிடம் எண்டு மாப்பிள்ளைட ஆக்கள் சொல்லுவாங்க. நிலத்தோட சேர்ந்தது நிலத்தோட போகும். அசையும் சொத்து எண்டா நாளைக்கு அசைச்சுக் காட்டுங்க."

அன்றிரவு காக்கா முச்சக்கர வண்டியொன்றைப் பிடித்துக்கொண்டு காரைதீவுக்குப் போனார். விடிந்ததும் நொத்தாரிசு வந்து, ஒரு கையில் குடையோடு மறு கையால் வாகனத்தின் பின்புறத்தை இலேசாகத் தள்ளினார். பிறேக் இல்லாத ஸ்ப்ரைட் இரண்டு பாகம் உருண்டுபோய், மனைவியின் ரோசாச் சாடியை உடைத்துவிட்டு நின்றது. அவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, வரைபடத்திலிருந்த சதுரத்தைக் கோடிட்டு வெட்டினார். காரைதீவு மாஸ்டர் இப்போது சந்தைக்குத் துவிச்சக்கர வண்டியிலே போய்வருகிறார். அவருடைய மொறிஸ் மைனர் முற்றத்தில் நான்கு கற்களின்மேல் நிற்கிறது. காரைதீவிலும் வீடு பெண்ணுக்குத்தான். மாஸ்டருக்கும் கல்யாண வயதில் ஒரு மகள் இருப்பதாகக் கேள்வி.