எட்டாவது வள்ளல்

கேட்டவருக்குக் கொடுப்பவன் கொடையாளி. கேட்காதவருக்கும் கொடுப்பவன் வள்ளல். முல்லைக்கொடி தேர் கேட்கவில்லை, பாரி கொடுத்தான். மயில் போர்வை கேட்கவில்லை, பேகன் கொடுத்தான். வள்ளல்களின் பட்டியல் ஏழோடு நின்றுபோனதற்கு ஒரே காரணம், அதைத் தொகுத்தவர்கள் குளிர்காலத்து லண்டனைப் பார்த்ததில்லை என்பதுதான். பார்த்திருந்தால் எட்டாவது இடத்தை விறகடுப்புக்குக் கொடுத்திருப்பார்கள். 'லாக் பர்னர்' என்று அங்கே சொல்வார்கள். வார்ப்பிரும்புப் பெட்டி, முன்னால் கண்ணாடிக் கதவு, உள்ளே கட்டை எரியும், கூரைக்கு மேல் புகைபோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். வைத்திருப்பவருக்கு அது ஓர் அறை அளவு சூடு தருகிறது. தெருவுக்கோ, பெரியவர் குழந்தை, திடமானவர் ஆஸ்துமாக்காரர் என்ற பேதம் பாராமல் வீடு தவறாமல் புகை தருகிறது.

வள்ளல்தன்மைக்கு இன்னொரு இலக்கணமும் உண்டு: அவசியம் இல்லாமல் செய்ய வேண்டும். லண்டனில் பெரும்பாலான வீடுகளில் கேஸ் பாய்லர் இருக்கிறது, அறைக்கு அறை ரேடியேட்டர் இருக்கிறது, பட்டனைத் தட்டினால் வீடு சூடாகிவிடும். இதில் என்ன பெருமை? பட்டனைத் தட்டியவரைப் பார்த்து யாராவது 'அடடா' என்று சொன்னதுண்டா? ஆகவே சில ஆயிரம் பவுண்டு செலவழித்து, வரவேற்பறைச் சுவரை உடைத்து, பழைய புகைபோக்கிக்குள் எஃகுக் குழாய் இறக்கி, விறகடுப்பைக் குடியேற்றுகிறார்கள். பிரிட்டிஷ் அரசுக்காக எடுத்து 2020இல் வெளியான கணக்கெடுப்பின்படி, வீட்டுக்குள் விறகு, கரி எரிப்பவர்கள் நூற்றுக்கு எட்டுப் பேர். அவர்களில் கிட்டத்தட்டப் பாதிப் பேர் வசதியான மேல்தட்டினர். லண்டன் காற்றை அளந்த ஆய்வாளர்கள், விறகுப் புகை எப்போது உச்சத்துக்குப் போகிறது என்றும் பார்த்தார்கள். மாலையில், அதிலும் வார இறுதி மாலையில். செவ்வாய்க்கிழமைக் குளிரைப் பாய்லரே சமாளித்துவிடுகிறது. சனிக்கிழமைக் குளிர்தான் வேறு ரகம் போலிருக்கிறது.

லண்டனில் ஹாரோ பகுதியில் இருக்கும் நண்பர் ஒருவர் இந்த வள்ளலைத் தம் வீட்டில் எழுந்தருளச் செய்தார். பார்க்கப் போயிருந்தேன். "அண்ணே, கோட்டைக் கழட்டுங்க. இனிமே இந்த வீட்ல குளிருங்கிற பேச்சே கிடையாது" என்றார். பிறகு அர்ச்சனை தொடங்கியது. அடியில் இரண்டு கட்டை, அதன்மேல் குறுக்கும் நெடுக்குமாகச் சுள்ளி, உச்சியில் மெழுகில் தோய்த்த மரச்சீவல் உருண்டை. தீ மேலிருந்து கீழே இறங்க வேண்டுமாம், அப்போதுதான் புகை குறையுமாம். காற்று வரும் வழியைத் திறந்தார், மூடினார், பாதி திறந்தார். கட்டையின் ஈரத்தை அளக்க இரண்டு ஊசிமுனை வைத்த ஒரு கருவி. குழாயில் காந்தத்தால் ஒட்டிக்கொண்டிருக்கும் ஒரு வெப்பமானி. அடுப்பின் தலையில், அதன் சூட்டிலேயே சுழலும் ஒரு குட்டி விசிறி. மண்டி போட்டபடியே வெகுநேரம் இருந்தார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஆபீஸ் வேலைய இவ்வளவு பொறுப்பா பாத்திருந்தா எப்பவோ மேனேஜர் ஆயிருப்பாரு" என்றார். ஒரு மனிதரைத் தம் வீட்டுத் தரையில் இவ்வளவு பணிவோடு மண்டியிட வைக்கும் ஆற்றல் பாய்லருக்கு வருமா?

அறை சூடாகத்தான் செய்தது. சற்று நேரத்தில் ஜன்னலைத் திறந்தோம். ஜனவரி மாதத்தில் ஜன்னலைத் திறந்து வைத்துக் காற்று வாங்கும் சுகம் எல்லாருக்கும் வாய்க்காது. அந்த வீட்டின் தெர்மோஸ்டாட்டும் அதே அறைச் சுவரில்தான் இருக்கிறது. அறை சூடானதும், வீடே சூடாகிவிட்டது என்று நம்பி அது பாய்லரை நிறுத்திவிட்டது. மாடியில் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மகள் போர்வையைச் சுற்றிக்கொண்டு இறங்கி வந்து, "அப்பா, மேல இருக்க முடியல, விறைக்குது" என்றாள். இந்தக் காலத்தில் குடும்பம் ஓரிடத்தில் கூடுவதில்லை என்று குறைப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டும். மற்ற அறைகளில் யாரும் இருக்க முடியாமல் செய்துவிட்டால் எல்லாரும் தாமாகவே வந்து கூடிவிடுவார்கள்.

நண்பருடையது 5 கிலோவாட்டுக்கு உட்பட்ட அடுப்பு. அதற்கு மேற்பட்டதாக இருந்தால், தீ மூச்சுவிடுவதற்காகச் சுவரில் மூடவே முடியாத ஒரு துளை போட வேண்டும் என்கிறது கட்டட விதி. வாசலில் நிற்கும் குளிரைத் துரத்துவதற்காக வந்தவர், அது உள்ளே வந்துபோக நிரந்தரமாக ஒரு வழி கேட்கிறார். எதிரியிடம்கூட இத்தனை தாட்சண்யம்!

இனி விறகின் மகிமை. புதிதாக வெட்டிய மரத்தில் எடைக்கு ஏறக்குறைய பாதி தண்ணீர்தான். அதை அடுப்பில் போட்டால் தீ முதலில் தண்ணீரைக் காய்ச்சி ஆவியாக்கும். மிச்சம் இருந்தால் நம்மைக் கவனிக்கும். ஆகவே கட்டையைப் பிளந்து, மழை படாமல் காற்றுப்பட அடுக்கி, ஓரிரண்டு வருஷம் காயவிட வேண்டும். 2021 மே முதல் இங்கிலாந்தில் சில்லறையாக விற்கும் விறகில் ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று சட்டமே வந்துவிட்டது. காத்திருக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு, சூளையில் வைத்து உலர்த்திய விறகு பையில் கிடைக்கிறது. அதில் கணிசமானது லாட்வியா, லிதுவேனியா பக்கத்திலிருந்து லாரி ஏறி, கப்பல் ஏறி வருகிறது. மரத்தை எரிப்பதற்காக மரத்தை உலர்த்தி, அதைக் கடல் கடத்திக் கொண்டுவந்து, தீ மூட்டி உட்கார்ந்து, 'நாங்கள் இயற்கையோடு இயைந்து வாழ்கிறோம்' என்கிறார்கள். புகையில் போகும் கரியமில வாயுவைப் பற்றிக் கேட்டால், அதைப் புதிதாக நடும் மரம் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும் என்பார்கள். உண்மைதான். வெளியே விட ஒரு மாலைப் பொழுது போதும், திரும்ப வாங்கப் பல பத்தாண்டுகள் ஆகும். பேரப்பிள்ளைகள் மேல் இவ்வளவு நம்பிக்கை வைத்த தலைமுறை இதற்கு முன் இருந்ததில்லை.

ஈர விறகாக இருந்தாலோ, காற்றைக் குறைத்து இரவு முழுக்கக் கனிய விட்டாலோ, புகை போகிற வழியிலேயே குளிர்ந்து குழாயின் உட்புறத்தில் தார்போலப் படியும். கிரியோசோட் என்று பெயர். வருஷத்துக்கு ஒரு முறையாவது ஆளைக் கூப்பிட்டுச் சுத்தம் செய்ய வேண்டும். விட்டுவிட்டால், சேர்ந்த தார் ஒருநாள் தானே பற்றிக்கொள்ளும். ஓர் அறைக்கு மட்டும் சூடு கொடுத்துவந்த வள்ளல், மாடி, கூரை உட்பட வீடு முழுவதற்கும் கொடுக்க முன்வருவது அன்றைக்குத்தான். போதாததற்கு, புகைபோக்கி அடைத்துக்கொண்டால் கார்பன் மோனாக்சைடு வரும். நிறமில்லை, மணமில்லை, செய்வதை வெளியே சொல்லிக்கொள்ளாத அடக்கம். அதன் அடக்கத்தைக் கலைக்க ஓர் அலாரம் மாட்டியே தீர வேண்டும்.

புகையைப் பற்றிச் சொன்னேன். பார்க்கிற புகை அதில் அற்பம். பிஎம் 2.5 என்கிற நுண்துகள் தலைமுடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இருக்காது. நுரையீரலின் அடி ஆழம் வரை போய், அங்கிருந்து இரத்தத்திலும் கலக்கிறது. 2021ஆம் ஆண்டுக் கணக்கின்படி, பிரிட்டனில் நேரடியாக வெளியான இந்தத் துகளில் சுமார் ஐந்தில் ஒரு பங்கு வீட்டு விறகிலிருந்து வந்தது. நூற்றுக்கு எட்டுப் பேர் சேர்ந்து சாதித்தது! 2022 முதல் 'ஈகோடிசைன்' முத்திரை பெற்ற அடுப்புகளைத்தான் புதிதாக விற்கலாம். அந்த முத்திரை அடுப்பில் உலர்ந்த விறகையே எரித்தாலும், கேஸ் ஹீட்டிங்கைக் காட்டிலும் 450 மடங்கு துகள் வெளியாகும் என்று இங்கிலாந்தின் தலைமை மருத்துவ அதிகாரி கிறிஸ் விட்டியின் 2022 அறிக்கை சொல்கிறது. 'ஈகோ' என்ற இரண்டு எழுத்தை முன்னால் ஒட்டியும் இவ்வளவுதான் குறைக்க முடிந்தது என்றால், இயல்பிலேயே எப்படிப்பட்ட கை அது!

ஊருக்குக் கொடுத்துவிட்டு வீட்டை மறந்துவிடுமோ என்ற கவலையும் வேண்டாம். ஷெஃபீல்ட் பல்கலைக்கழகத்தார் அடுப்பு வைத்த வீடுகளுக்குள்ளேயே கருவி வைத்து அளந்து 2020இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். அடுப்பு எரியும்போது வீட்டுக்குள் இருக்கும் நுண்துகள், எரியாத நாளைக் காட்டிலும் ஏறக்குறைய மூன்று மடங்கு. கட்டை போடுவதற்குக் கதவைத் திறக்கிறோமே, அந்த நொடியில் குபீரென்று அறைக்குள் வருகிறது. நண்பரின் வீட்டிலும் பார்த்தேன். கதவைத் திறந்ததும் சாம்பல் நிறத்தில் ஒரு சுருள் எழும்பி, எதிரே மண்டியிட்டிருந்தவர் முகத்தைத் தடவிவிட்டு மேலே போனது. "வாசனை நல்லா இருக்குல்ல?" என்று கேட்டார். இருமல் அடங்கியதும் ஆமாம் என்றேன்.

லண்டனுக்குப் புகை புதிதல்ல. 1952 டிசம்பர் 5 முதல் 9 வரை, குளிர்ந்த காற்று தரையோடு தங்கிவிட, வெதுவெதுப்பான காற்று மேலே மூடிபோட்டு நின்றது. வீட்டுக் கரியும் ஆலைக் கரியும் கக்கிய புகை நகர முடியாமல் ஊருக்குள்ளேயே கிடந்தது. முதலில் சொன்ன சாவுக் கணக்கு சுமார் 4,000. பின்னாளில் போட்ட கணக்கு 12,000 வரை போகிறது. அதன் பிறகு 1956இல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. புகைக் கட்டுப்பாட்டுப் பகுதிகள் வந்தன. இன்றைக்கு லண்டனின் பெரும்பகுதி அப்படிப்பட்டதுதான். ஆனால் அங்கீகாரம் பெற்ற அடுப்புக்கு அங்கே தடை இல்லை. புகை விட்டது உறுதியானால் 175 முதல் 300 பவுண்டு வரை அபராதம். அடுப்பு வாங்கிய காசோடு சேர்த்துப் பார்த்தால் உண்டியல் காணிக்கை. காற்றடிக்கும் நாளில் யாரும் தீ மூட்ட மெனக்கெடுவதில்லை, ஆடாமல் அசையாமல் குளிர் இறங்கும் இரவில்தான் ஊரே மூட்டுகிறது. அந்த இரவில்தான் புகையும் எங்கும் போகாது. கொடுத்த பொருள் வீணாகாமல் உரியவர் மூக்குக்கே போய்ச் சேர இதைவிட நல்ல வேளை பார்க்க முடியாது.

நம் ஊர்ப் பெண்களுக்கு இந்த அருமை தெரியாமல் போனது வருத்தம்தான். ஊதுகுழலை வைத்து ஊதி ஊதிக் கண் சிவந்து, நெஞ்சு இழுத்து, கேஸ் வந்த அன்று விட்டது சனியன் என்று அடுப்பங்கரைச் சுவருக்கு வெள்ளையடித்தார்கள். தமிழ்நாட்டு அரசு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது, மத்திய அரசு 2016இல் உஜ்வலா திட்டம் கொண்டுவந்தது, எல்லாம் அந்தப் புகையிலிருந்து மீட்கத்தான். அதே புகைக்குக் கண்ணாடிக் கதவு ஒன்று போட்டு, எதிரே ஒரு சோபாவும் போட்டிருந்தால் எந்த அரசும் மானியம் கொடுத்திருக்க வேண்டியதில்லை. அவர்களே கடன் வாங்கி வைத்திருப்பார்கள்.

ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும். எல்லா விறகடுப்பும் இந்தப் புகழுக்குத் தகுதியானது அல்ல. 2021 நவம்பரில் ஆர்வென் புயல் அடித்தபோது ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் கம்பங்கள் சாய்ந்து, ஆயிரக்கணக்கான வீடுகளில் ஒரு வாரத்துக்கு மேலாகக் கரண்ட் இல்லை. கேஸ் குழாய் எட்டாத மலையோரக் கிராமங்களில் விறகடுப்பு இருந்த வீட்டில் உயிர் பிழைக்கச் சூடு இருந்தது, கெட்டிலில் வெந்நீர் இருந்தது. அங்கே யாரும் அதைப் படம் பிடித்து அனுப்பிக்கொண்டிருக்கவில்லை, அதன் முன்னால் ஒயின் கோப்பையை வைக்கவில்லை. அங்கே அது வெறும் அடுப்பு, தன் வேலையைச் செய்தது. அதையெல்லாம் வள்ளல் வரிசையில் சேர்க்க முடியாது.

இதற்கிடையில் நார்வேக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். விறகு வெட்டுவது, அடுக்குவது, காயவைப்பது பற்றி லார்ஸ் மிட்டிங் 2011இல் எழுதிய புத்தகம் அங்கே சக்கைப்போடு போட்டது. அதை ஒட்டி 2013 பிப்ரவரியில் அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சி என்.ஆர்.கே. பன்னிரண்டு மணி நேரம் விறகு நிகழ்ச்சி ஒன்றை நடத்தியது. முதலில் விறகைப் பற்றிப் பேச்சு, பிறகு விடிய விடிய ஒரு கணப்பில் தீ எரிவதை மட்டும் காட்டினார்கள். ஏறத்தாழ பத்து லட்சம் பேர், நாட்டில் ஐந்தில் ஒருவர், ஏதோ ஒரு நேரத்தில் அதைப் பார்த்தார்கள். கட்டையை அடுக்கும்போது பட்டை மேலே இருக்க வேண்டுமா, கீழே இருக்க வேண்டுமா என்று சண்டை பிடித்துப் புகார்களும் வந்து குவிந்தன.

லண்டனிலும் இதைப் பின்பற்றலாம் என்று விவரம் தெரியாதவர்கள் யோசனை சொல்கிறார்கள். ஹீட்டிங்கைப் போட்டுக்கொள்ளலாம், டிவியில் தீயை வைத்துக்கொள்ளலாம். சூடும் உண்டு, சுடரும் உண்டு, கட்டை வெடிக்கும் சடசடப்பும் உண்டு, மாடியில் பிள்ளை விறைக்காமல் படிக்கலாம் என்கிறார்கள். எல்லாம் சரிதான். இப்படி எல்லாவற்றையும் நமக்கே வைத்துக்கொண்டால், பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு நாம் என்னதான் கொடுப்பது?